குளோரினுக்கு ஆலோசகர் கிடைத்த கதை

டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்குகிறது. அதன் வாசகம் இது: "இந்தப் பொது நீச்சல் குளத்தின் நீர்த்தரப் பொறுப்பாளர், தனிமனித சுகாதாரத்தில் அனைவருக்கும் முன்மாதிரியாகத் திகழ்பவர். அறிவியல் முறைப்படி நீரைப் பரிசோதித்து, ஒரு துளி மாசும் நேராவண்ணம் காத்து வருபவர். பயனாளர்களிடம் இன்முகத்துடன் உரையாடும் பண்பினர்."

இந்த மூன்றில் எது பெரிய பொய் என்பது பற்றி, காலையில் நீந்த வரும் எங்கள் கூட்டத்துக்குள் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருந்தது. இன்முகம்தான் என்பது என் கட்சி. ஏனென்றால் அப்போது மற்ற இரண்டைப் பற்றியும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவரை சுகமாகத்தான் நீந்தினோம்.

அவரை எல்லோரும் குளோரின் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்கள் குளோரின் அண்ணன் என்பார்கள். ஆள் ஒல்லி, காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் ஒரு விசில். இடது கன்னம் மட்டும் எந்நேரமும் புடைத்திருக்கும். உள்ளே புகையிலையும் பாக்குத்தூளும். எதையாவது கேட்டால் முகவாயை மேலே தூக்கி, கண்ணைக் கீழே இறக்கி, "ம்ம்" என்பார். பெரிய திமிர் பிடித்த ஆள் என்றே புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். திமிரெல்லாம் இல்லை, தலையைக் குனிந்தால் சாறு வெளியே வந்துவிடும், அவ்வளவுதான்.

டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி. நல்ல கணீர்க் குரல். கணவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்பார்:

"என்னங்க, மறுபடி அடக்கியாச்சா? அந்தக் கன்னத்துக்குத் தனியா ஒரு டிக்கெட் போடட்டுமா?"

"ம்ம்."

"பாருங்க சார், இதுதான் எங்க வீட்ல நடக்குற பேச்சுவார்த்தை. கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு எழுத்து கூட வரும். இப்ப இதான்."

வேடிக்கையாகத்தான் பேசுவார். ஆனால் அந்த வேடிக்கைக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. குளோரினின் இடது கன்னத்து உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம் வந்திருந்தது. பல் மருத்துவர் பார்த்துவிட்டார். வாயைத் திறக்கச் சொன்னபோது மூன்று விரல் போக வேண்டிய இடத்தில் இரண்டுதான் போயிற்று. "புகையிலையை உடனே நிறுத்துங்க. இந்த இடத்துல கொஞ்சம் சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பணும். சீக்கிரம் வாங்க, தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்ல" என்று சொல்லியனுப்பினார். குளோரின் தலையாட்டிவிட்டு வந்தவர்தான். திரும்ப அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. பல் மருத்துவமனைக்கு எதிரில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போவதைக்கூட நிறுத்திக்கொண்டார்.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. மனைவி சொன்னார். மகள் போனில் அழுதுகொண்டே சொன்னாள். மாப்பிள்ளை வாய்ப் புற்றுப் படம் அனுப்பினார். வெளியே மிதிவண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருப்பவர், தான் பீடியை எப்படி ஒரே நாளில் விட்டேன் என்பதை, பீடி பிடித்துக்கொண்டே சொன்னார். எல்லாவற்றையும் குளோரின் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு அறிவுரை முடிந்ததும் பம்ப் அறைக்குள் போய் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அறிவுரை நீளமாக இருந்தால் பொட்டலத்தில் பாதியை வாயில் போட்டார்.

வழி காட்டியது மைத்துனி. மருத்துவமனையில் செவிலியராக இருப்பவர். ஒருநாள் டிக்கெட் ஜன்னலருகே நின்று சொன்னார்:

"மாமா, உங்களுக்கு அட்வைஸ் ஒத்துக்காது. மோட்டிவேஷனல் இன்டர்வியூன்னு ஒரு முறை இருக்கு. அதுல படிச்ச ஆளுங்க அட்வைஸ் பண்ண மாட்டாங்க. உங்களைக் கேப்பாங்க. நீங்களே பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வருவீங்க."

குளோரின் எழுந்து போய்க் கன்னத்தைக் காலி செய்துவிட்டு வந்தார். முழு வாக்கியம் பேச வேண்டியிருந்தால் மட்டும்தான் அப்படிச் செய்வார்.

"அட்வைஸ் பண்ணாத ஆளு இந்த ஊர்ல இருக்கானா?"

"ஊர்ல இல்ல மாமா. ஆன்லைன்ல இருக்காங்க."

"இன்டர்வியூன்னா வேலை ஏதாவது குடுப்பாங்களாக்கா?" என்று குளோரினின் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தாள் வாசலில் டிக்கெட் சரிபார்க்கும் பெண்.

"இவரை எடுத்துக்கிட்டா அந்தக் கம்பெனி உருப்பட்ட மாதிரிதான்" என்றார் மனைவி.

இப்படித்தான் அந்தத் தேடல் தொடங்கியது. மைத்துனி ஒரு இணையதளத்தைத் திறந்து கொடுத்தார். அதில் ஆலோசகர்கள் வரிசையாகச் சிரித்தார்கள். ஒவ்வொருவர் படத்துக்குக் கீழும் அவர்களுக்குத் தெரிந்த சிகிச்சை முறைகளின் பட்டியல். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. மைத்துனி சொன்ன அந்த ஊக்கமூட்டும் நேர்காணல் தெரியாத ஒருவர்கூட அங்கே இல்லை. உணவகத்துப் பலகையில் எல்லாப் பதார்த்தங்களையும் எழுதி வைத்துவிட்டு, உட்கார்ந்த பிறகு "அது இப்ப இல்லைங்க" என்பார்களே, அந்த மாதிரி ஒரு பட்டியல். அந்தத் தளத்தின் உச்சியில் பூட்டுப் படம் போட்டு, "உங்கள் உரையாடல் முழு ரகசியமாகக் காக்கப்படும்" என்று எழுதியிருந்தது.

அந்த ரகசியத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காணொளியில் பேச வேண்டும். வீட்டில் முடியாது, மனைவி இருப்பார். கவுண்டரிலும் முடியாது, அங்கேயும் அவரேதான். ஆகவே குளோரின் தேர்ந்தெடுத்த இடம் பம்ப் அறை. வாடைக்குப் பயந்து அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். ஆனால் பம்ப் ஓடும் சத்தத்தில் கைப்பேசியின் குரல் கேட்காது, ஆகவே ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தார். அவருடைய குரல் எதிராளிக்குக் கேட்காது, ஆகவே கத்தினார். பம்ப் அறைக்கும் ஆண்கள் உடை மாற்றும் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர், அந்தச் சுவரில் ஒரு காற்றுச் சல்லடை. பூட்டுப் படம் போட்ட அந்த முழு ரகசியத்தையும் ஈரத் துண்டோடு நின்று நாங்கள் கேட்டோம்.

ஒட்டுக் கேட்பது அநாகரிகம் என்று எங்கள் கூட்டத்தில் இருந்த வக்கீல் முதல் நாளே சொன்னார். சொல்லிவிட்டு சல்லடைக்கு நேர் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் ஆலோசகர் வணக்கம் சொல்லும்போதே சல்லடை அதிர்ந்தது.

"குட் மார்னிங் சாம்பியன்! எப்படி இருக்கீங்க சாம்பியன்!"

"யாருங்க?" என்றார் குளோரின்.

"உங்களுக்குள்ள ஒரு சிங்கம் தூங்கிட்டிருக்கு. அதை இன்னைக்கு எழுப்பப் போறோம். எழுந்து நில்லுங்க! கையைத் தூக்குங்க! என்னால் முடியும்னு மூணு தடவை கத்துங்க!"

"சார், நீங்க கேள்வி கேப்பீங்கன்னு சொன்னாங்க."

"கேள்வி ஒன்னே ஒன்னுதான் சாம்பியன்! உங்களால முடியுமா முடியாதா?"

"முடியாது" என்றார் குளோரின். தொடர்பைத் துண்டித்த சத்தம் கேட்கவில்லை. மூலையில் துப்பிய சத்தம் கேட்டது.

அந்த முதல் அழைப்பில் குளோரின் ஒரு பாடம் கற்றார். படத்தைப் பார்த்தும் பட்டியலைப் பார்த்தும் ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பதுபோல, ஆலோசகருக்கும் ஒரு சொட்டு விட வேண்டும். தன்னிடம் இருப்பதிலேயே மிகக் கேவலமான ஒன்றை முதலிலேயே எடுத்துப் போடுவது. முகம் எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று பார்ப்பது. நல்ல யோசனைதான். அந்தச் சொட்டு எங்கள் மேலும் விழும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாமவர் ஒரு அம்மையார். பொறுமையான, பழுத்த குரல். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். வேலை என்ன என்று கேட்டார். சரியான ஆள் கிடைத்துவிட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம். அப்போதுதான் குளோரின் சொட்டை விட்டார்.

"மேடம், ஒரு விஷயம் சொல்றேன். குளத்தைச் சுத்தி ஒரு வாய்க்கால் இருக்கும். மேல வழியுற தண்ணி அதுல விழுந்து, ஃபில்டருக்குப் போய், திரும்பக் குளத்துக்கே வரும். நான் விசில் ஊதிக்கிட்டு அங்கேயே நிக்கணும். நகர முடியாது. அதனால..."

"அதனால?"

"அதுலதான் துப்புவேன்."

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவர். நீந்தும்போது வாய் நிறையத் தண்ணீரை எடுத்து, மல்லாந்து படுத்து, திமிங்கலம்போல மேலே பீய்ச்சுவது அவருடைய பழக்கம். அன்று காலைகூடப் பீய்ச்சியிருந்தார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவும் தொட்டிக்கு ஓடினார். அவர் கொப்பளித்த சத்தம், ஓங்கரித்த சத்தம், மறுபடி கொப்பளித்த சத்தம்.

"இப்ப துப்பி என்ன சார் பிரயோஜனம்?" என்றார் வக்கீல். "இத்தனை வருஷமா உள்ள போனது போனதுதான்."

அந்தத் தண்ணீர் என் காதில் இருந்தது, மூக்கில் இருந்தது, தலைமுடியில் இருந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. அதுதான் இன்னும் குமட்டியது.

சல்லடைக்கு அந்தப் பக்கம் அம்மையாரின் வாயிலிருந்து "சீ!" என்று ஒரு சொல் தப்பி வந்தது. பிறகு மன்னிப்புக் கேட்டார். பிறகு மன்னிப்பைத் தாண்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். உங்களை நம்பிக் குழந்தைகள் இறங்குகிறார்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையானால் இறக்குவீர்களா, வாய்ப் புற்று எப்படியிருக்கும் என்று படம் காட்டட்டுமா. காட்டினார் என்றே நினைக்கிறேன்.

குளோரின் வெளியே வந்தபோது நாங்கள் எல்லோரும் அங்கே நின்றோம். அழுதிருப்பார், குன்றிப்போயிருப்பார் என்று எதிர்பார்த்தோம். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் மாதிரி முகம் தெளிந்திருந்தது. நேராக டிக்கெட் ஜன்னலுக்குப் போனார்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்றார் மனைவி.

"நல்லா வாங்குனேன். ஆனா இந்தம்மா வேணாம். திட்டுறதுக்கு வீட்லயே ஆளு இருக்கு."

பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்து, வழக்கத்தைவிடப் பெரிய உருண்டையாக அடக்கிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இந்த மனிதர் திட்டை வெறுக்கவில்லை. திட்டு வாங்கிவிட்டால் செய்த தப்புக்குத் தண்டனை முடிந்துவிட்டது. தண்டனை முடிந்தவனுக்கு மறுபடி தப்புச் செய்ய உரிமை உண்டு. ஊரே கூடி அவருக்கு அந்த உரிமையைத் தினமும் புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அக்கறையோடுதான்.

குளத்து நிர்வாகியிடம் புகார் செய்வது என்று எங்கள் கூட்டம் முடிவெடுத்தது. வக்கீல் பேசுவதாக ஏற்றுக்கொண்டார். வேலை போய்விடுமே என்று யாரோ சொன்னார்கள். "போகட்டுமே, எச்சிலைக் குடிச்சது நாம" என்றார் பயிற்சிப் பள்ளிக்காரர். ஆனால் வேடிக்கை என்னவென்றால், மறுநாள் ஒருவர் விடாமல் எல்லோரும் நீந்த வந்தோம். வாயை இறுக மூடிக்கொண்டு நீந்தினோம். வேறு குளம் பக்கத்தில் இல்லை.

மூன்றாமவர் ஒரு இளைஞர். அவருக்கு ஜலதோஷம். அழைப்பு தொடங்கியதும் முதலில் கேட்டது வணக்கம் அல்ல, தும்மல்.

"சாரி சார். ரெண்டு நாளா விடாம ஒழுகுது. உங்களுக்குத் தொந்தரவா இருந்தா வேற நாள் வெச்சுக்கலாம்."

"பரவால்ல தம்பி" என்றார் குளோரின். குரலில் அருவருப்பு தெரிந்தது. மற்றவர் மூக்கு ஒழுகினால் தாங்க மாட்டார். மூக்குச் சிந்திவிட்டுக் குளத்தில் இறங்கியவர்களை விசில் ஊதிக் கரையேற்றியிருக்கிறார். ஆலோசகர் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை காத்திருந்து, அதே சொட்டை விட்டார். வாய்க்கால், ஃபில்டர், துப்புவது, எல்லாம்.

"ம்ம்" என்றார் அந்த இளைஞர். "துப்பினதுக்கு அப்புறம் என்ன செய்வீங்க சார்?"

இந்தக் கேள்வியைக் குளோரின் எதிர்பார்க்கவில்லை. "என்ன செய்வேன்னா? ஆளுங்க போனதும் குழாய் போட்டு அடிச்சு விடுவேன். கையால தேய்ப்பேன். கொஞ்சம் கூடவே குளோரின் போடுவேன்."

"யாரும் சொல்லாமலே."

"யாருக்குத் தெரியும், சொல்றதுக்கு?"

"அப்ப துப்புறவரும் நீங்க. அதைப் பாத்து முகத்தைச் சுளிக்கிறவரும் நீங்க."

"தம்பி, நீ முதல்ல மூக்கைத் துடை" என்றார் குளோரின்.

துடைத்த சத்தம் கேட்டது. அதற்குள் குளோரினுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் மட்டுமா? இந்தக் காலைல வர்ற பெரிய மனுஷங்களைக் கேளு. குளத்துல அடிக்கிற வாடையை குளோரின் வாடைன்னு பெருமையா சொல்லுவாங்க. வெறும் குளோரின் அப்படி நாறாது தம்பி. அதுல ஒன்னுக்குக் கலந்தாதான் அப்படி மூக்கைத் துளைக்கும். இவங்க வந்து போனாப் போதும், குளம் கக்கூஸ் மாதிரி இருக்கும். படிச்ச ஆளுங்க எல்லாம். ஒருத்தர் வக்கீலு."

உடை மாற்றும் அறையில் எல்லோரும் ஒரே சமயத்தில் வேட்டியை, துண்டை, காலணியைத் தேடத் தொடங்கினோம். யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை. எல்லாப் பெரிய மனிதர்களும் அப்படியில்லை என்று இங்கே பதிவு செய்துகொள்ள விரும்புகிறேன். ஆனால் வக்கீல் அன்றைக்கு நிர்வாகியைப் பார்க்கப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

"அந்த வாடை வரும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் இளைஞர்.

"குமட்டும்."

"தண்ணி சுத்தமா இருக்கணும்ங்கறது உங்களுக்கு முக்கியம்."

"பின்ன? அதானே வேலை."

"சரி. பல் டாக்டர்கிட்ட திரும்பப் போறதைப் பத்தி ஒன்னு கேக்கலாமா? வேணாம்னா விட்டுடலாம்."

"கேளு."

"போகணும்ங்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"ரெண்டு."

"ரெண்டு. ஏன் பூஜ்யம்னு சொல்லல?"

"என்னது?"

"ஒன்னுமே இல்லன்னா பூஜ்யம்னு சொல்லியிருப்பீங்க. அந்த ரெண்டு எதுக்காக?"

"ஏன்யா பத்துன்னு சொல்லலன்னுதானே கேக்கணும்? எல்லாரும் அப்படித்தானே கேக்குறாங்க?"

"எல்லாரும்தான் கேட்டாச்சே சார்."

குளோரின் குரலைத் தாழ்த்தினார். பம்ப் சத்தத்தில் தாழ்த்தினாலும் அது கத்தல்தான். அப்போது அவர் சொன்னதைக் கேட்டபின், வாய்க்காலில் துப்பியது ஒரு பொருட்டே இல்லை என்று ஆகிவிட்டது.

தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆண்டுதோறும் அலுவலகத்திலிருந்து ஒரு புதுப் பெட்டி வரும். உள்ளே கண்ணாடிக் குழாய், சொட்டு மருந்து, நிற அட்டை. அதை அவர் பிரிப்பதில்லை. இப்போதுகூட அந்தப் பெட்டியின் மேல்தான் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய முறை வேறு. குளத்தில் விரலை விட்டு, அதை வாய்க்குள் கொண்டுபோய், கன்னத்து வெள்ளைப் படலத்தில் தேய்ப்பார்.

"லேசா சுருக்குன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். எரிஞ்சா ஜாஸ்தி. ஒன்னுமே தெரியலன்னா பத்தல, இன்னும் போடணும். ஒரு நாளும் தப்பினதில்ல தம்பி. பெட்டி பொய் சொல்லும், இது சொல்லாது." குரலில் இருந்தது பெருமை, கலப்படமில்லாத பெருமை. "அந்த டாக்டர் அதைக் கிள்ளி எடுக்கணும்கறாரு. எடுத்துட்டா நான் எதை வெச்சுப் பாக்குறது?"

பயிற்சிப் பள்ளிக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். புண்ணால் அளந்த தண்ணீர். அந்த விரல் திரும்பவும் தண்ணீருக்குள்தானே போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் அவர் மறுபடி தொட்டிக்கு ஓடுவார் என்று சொல்லவில்லை.

இளைஞர் சிரிக்கவில்லை, "சீ" என்றும் சொல்லவில்லை. தும்மக்கூட இல்லை.

"அப்ப அந்தப் புண்ணு உங்ககூட வேலை பாக்குது."

"ஆமா!" புரிந்துகொள்ள ஒருவன் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"அதை விட மனசில்ல."

"ஆமா."

"இருந்தாலும் ரெண்டுன்னு சொன்னீங்க."

"பம்ப் மாத்தணும் தம்பி, வெச்சிடறேன்" என்று குளோரின் துண்டித்துவிட்டார். எந்தப் பம்பையும் மாற்றவில்லை. வெகுநேரம் வெளியே வரவுமில்லை.

"என்ன சொன்னான் அந்தப் பையன்?" என்று மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஒன்னும் சொல்லல. கேட்டான்."

"நான் கேட்டா மட்டும் உங்களுக்கு வலிக்குது."

"நீ எங்க கேட்ட? நீ சொல்ற."

மனைவி பதிலுக்கு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். தங்கை கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார், இந்தச் சிகிச்சை முடியும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசக் கூடாதென்று. அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வீட்டில் ஒரு பழக்கத்தை விடத் தவித்தவர் கணவர் மட்டும் அல்ல. டிக்கெட்டைக் கிழித்த வேகத்தில் சிலருடையது இரண்டாகக் கிழிந்து கையில் வந்தது.

அதன் பிறகு நாங்கள் குளோரினைக் கவனித்தோம். திட்டுவார் இல்லாமல் ஆள் நிலைகொள்ளாமல் இருந்தார். பொட்டலத்தைப் பிரிப்பார், கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். மனைவி அவரைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருப்பார். வலிய வந்து எங்களிடம் நிற்பார். "என்ன சார், கன்னம் இன்னைக்கு ரொம்பப் பெருசா இருக்கா?" என்று கேட்பார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சின்னத் திட்டு. கொடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. எங்கள் லட்சணம் அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரிந்துபோயிற்றே.

அடுத்த அழைப்புக்குரிய காலையில் தண்ணீருக்குள் இறங்கியதுமே கண் எரிந்தது. ஒரு நீளம் போய்த் திரும்புவதற்குள் தாங்க முடியவில்லை. பயிற்சிப் பள்ளிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு படியில் முட்டிக்கொண்டார். வக்கீலின் நெஞ்சு முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. எல்லோரும் இருமிக்கொண்டே கரையேறினோம்.

"யோவ் குளோரின்! என்னய்யா போட்டு வெச்சிருக்க?"

குளோரின் ஓடி வந்தார். குந்தி உட்கார்ந்து, விரலை விட்டு, வாய்க்குள் கொண்டுபோய்த் தேய்த்தார். காத்திருந்தார். மறுபடி விட்டார், மறுபடி தேய்த்தார்.

"ஒன்னுமே இல்லையே சார். இந்த வாரம் பூரா இப்படித்தான். போடப் போடப் பத்தவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம்..."

"கண்ணைப் பாருய்யா!" என்று கத்தினார் வக்கீல்.

குளோரின் நிமிர்ந்து எங்கள் கண்களைப் பார்த்தார். வரிசையாக ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்தார். எழுந்து பம்ப் அறைக்குள் போனார். நாங்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு சல்லடைப் பக்கம் வந்தபோது அட்டைப்பெட்டி கிழிபடும் சத்தம் கேட்டது. பெஞ்சில் ஏறிச் சல்லடை வழியாகப் பார்த்தோம், பம்ப் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இளஞ்சிவப்பு வர வேண்டிய குழாயில் ரத்தம்போலக் கருஞ்சிவப்பு. அட்டையில் அந்த நிறத்துக்குக் கட்டமே இல்லை.

கைப்பேசி அடித்தது. சாய்த்து வைக்கப் பெட்டி இல்லாததால் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"வணக்கம் சார். ஜலதோஷம் போயிடுச்சு" என்றார் இளைஞர்.

"தம்பி, எரியல."

"எது சார்?"

"தண்ணி விஷமா இருக்கு. எல்லார் கண்ணும் ரத்தமா இருக்கு. எனக்கு ஒன்னும் தெரியல. ஒரு வாரமா எரியலன்னு நான்தான் கொட்டிக் கொட்டி... அந்த இடம் மரத்துப்போச்சு தம்பி. கட்டை மாதிரி இருக்கு."

"பயமா இருக்கு."

"ம்ம்." இது பழைய "ம்ம்" இல்லை. கன்னம் காலியாக இல்லாவிட்டாலும் தலை குனிந்துதான் இருந்தது.

பிறகு குளோரின் வெடித்தார். "இப்பவாவது ஏதாவது சொல்லேன்யா! படிச்சவன்தானே நீ? என்ன ஆச்சு எனக்குன்னு சொல்லேன்! போடான்னு சொல்லு, செத்துப்போவேன்னு சொல்லு, திட்டு! ஒரு தடவையாவது திட்டித் தொலையேன்!"

திறந்த கதவுக்கு வெளியே மனைவி வந்து நின்றிருந்தார். வாடைக்குப் பயந்து அந்தப் பக்கம் வராதவர். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மூக்கைப் பொத்தவில்லை, வாயைத்தான் பொத்தியிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன் சார், கண்டிப்பா" என்றார் இளைஞர். "அதுக்கு முன்னாடி, மரத்துப்போனது என்னவா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?"

குளோரின் குழாயைப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்."

"ம்ம்."

"அன்னைக்கு ரெண்டுன்னு சொன்னேன்ல. அது இதுக்குத்தான். என்னைக்காவது எரியாமப் போயிடுமோன்னு."

"அது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தது."

"தெரியும்."

"இப்ப என்ன நம்பர் சார்?"

"நம்பர் எதுக்கு? போகணும்." சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டவர்போல நின்றார். உடனே பின்வாங்கவும் பார்த்தார். "ஆனா குளத்தை வடிக்கணும். இந்தத் தண்ணியை இப்படியே விட முடியாது. பூரா வடியறதுக்கு நாளைக்கு ராத்திரி ஆயிடும்."

இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. எங்களில் யாராவது ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் குறைந்தது பத்து வாக்கியம் சொல்லியிருப்போம். அவர் சும்மா இருந்தார். அந்த மௌனம் சல்லடை வழியாக எங்கள் பக்கமும் வந்து நின்றது. எனக்கு நாக்கு துடித்தது, பக்கத்தில் வக்கீலுக்கும்.

"சரி" என்றார் குளோரின் கடைசியில். "தண்ணி தானா வடியும்."

அவர் குளத்தின் வடிகால் வால்வைத் திறந்துவிட்டார், வாயில் இருந்ததைக் குப்பைக் கூடையில் துப்பினார், மனைவியைக் கூட்டிக்கொண்டு பல் மருத்துவரிடம் போய், இரண்டு விரல் போகும் அளவுக்கு வாயைத் திறந்து காட்டினார்.